வேலிக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

பிரம்மபுத்திரா இந்த உலகத்தில் பயப்படுவது ஒரே ஒரு ஆளுக்கு. அவர் எங்கள் ஊர் டங்கேஸ்வர் பேகு. இந்த உண்மையை உலகத்துக்கு அறிவித்தவரும் டங்கேஸ்வர் பேகுதான். அறிவிக்கும்போது அவர் சிரிக்கமாட்டார். கேட்கிறவர்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார், ஆதாரம் காட்டுவார். ஆதாரம் அவருடைய வீடு.

மாஜுலித் தீவின் தென்கரையில் இருக்கிறது எங்கள் உலுவானி. ஆறு வருஷா வருஷம் கரையைக் கடித்துக்கொண்டு உள்ளே வரும். கரையோரத்து வீட்டு நிலங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்த ஆறு, டங்கேஸ்வரின் வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒரு முழு மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு பிடி மண் எடுக்கவில்லை.

"வருது, எட்டிப் பாக்குது, நான் உக்காந்திருக்கறதப் பாக்குது, மரியாதையா அந்தப் பக்கம் போயிடுது," என்பார்.

ஆறு மரியாதை இல்லாமல் நடந்துகொண்டது பக்கத்து வீட்டு நுமல் டோலேயிடம்தான். இருவருக்கும் வயது எழுபதுக்கு மேல். ஒன்றாக நீச்சல் பழகியவர்கள், பிறகு ஒன்றாகச் சண்டை பழகியவர்கள். சண்டை வேலியைப் பற்றி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பாக்கு மர வரிசை. வேலி அந்த வரிசைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது வழக்கு. வித்தியாசம் ஆறு முழம். இதற்காக ஊர்க்கூட்டம் எத்தனை முறை கூடியது என்பது ஊர்த்தலைவரான என் மாமா லீலாகாந்துக்கே ஞாபகமில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். பாக்கு அந்த மரங்களில் பறித்ததாகத்தான் இருக்கும்.

நுமல் ஜாக்கிரதையான ஆள். ஆறு தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததுமே வீட்டைப் பிரித்தார். ஊருக்கு உள்ளே, வெள்ளத்தடுப்புக் கரைமேட்டுக்குப் போகிற வழியில் ஒரு துண்டு நிலம் வாங்கி அங்கே மறுபடி கட்டிக்கொண்டார். அடுத்த மழையில் அவருடைய பழைய நிலம் வேலிவரை ஆற்றுக்குள் போயிற்று. நுமலுக்கு மூளை இருக்கிறது என்று ஊர் சொன்னது. டங்கேஸ்வர், "மூளை இருக்கு, முதுகெலும்பு எங்க?" என்று கேட்டார்.

ஆனால் நுமலிடமும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தினமும் விடிந்ததும் சின்னப் படகை எடுத்துக்கொண்டு, தன் வீடு இருந்த இடத்துக்கு நேர் மேலே, தண்ணீரில் போய் நிற்பார். அங்கே ஒரு மூங்கிலை நட்டு வைத்திருந்தார். படகை அதில் கட்டிவிட்டுத் தூண்டில் போடுவார். வழியில் யாராவது எங்கே என்று கேட்டால், "வீட்டுக்குப் போயிட்டு வரேன்," என்பார், சந்தைக்குப் போகிற மாதிரி.

டங்கேஸ்வருக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. தன் வீட்டு முன்தளத்தில் உட்கார்ந்து, வேலிக்கு மேலே கத்துவார்.

"நுமல், இன்னைக்கு எந்த ரூம்ல உக்காந்திருக்க?"

"படுக்குற ரூம்."

"மீனு தூங்குதா?"

"தூங்கிட்டுத்தான் இருந்துச்சு. நீ கத்தி எழுப்பிட்ட."

"பைத்தியக்காரன்," என்று எங்களிடம் திரும்புவார். "போன வீட்ட எட்டிப் பாக்குறதுக்குப் படகு ஒண்ணு. போனது போச்சுன்னு இருக்கத் தெரியாதவன் எல்லாம் எதுக்கு ஆத்தங்கரையில பொறக்கணும்?"

எங்களில் அவர் பேச்சைத் தவறாமல் கேட்கிறவன் நான். ஜோர்ஹாட்டில் கல்லூரியில் படிக்கிறேன் என்பதால் என்னை அவர் 'காலேஜு' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

அவருடைய வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீடுகள் மரக்கால்கள்மேல் நிற்கும். குடும்பம் பெருகப் பெருக வால் மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டே போவோம். டங்கேஸ்வரின் அப்பா காலத்தில் அந்த வீட்டின் ஒரு முனையில் இருமினால் மறுமுனையில் கேட்காது என்பார்கள். பிறகு தம்பிகள் பிரிந்து போனார்கள், ஒரே மகள் கல்யாணமாகிப் போனாள், மனைவியும் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொருவர் போகும்போதும் அவர் வீட்டின் வாலில் ஒரு துண்டு வெட்டினார். வெட்டிய மூங்கிலும் பலகையும் அடுப்புக்குப் போயின. கடைசியில் நடுவில் அடுப்பு இருக்கிற ஒரு அறை, முன்னால் ஒரு திறந்த தளம், மேலே புல் கூரை, கீழே ஒரு பன்றி. அவ்வளவுதான் மிச்சம்.

"ஊர்ல எல்லாரும் வீட்ட நீட்டுவான், இவன் மட்டும் வீட்டுக்கு முடி வெட்டுறான்," என்பார் நுமல்.

இந்த வருஷம் முதல் வெள்ளம் வந்து வடிந்தது. எங்கள் ஆறு ஏறும்போது அவ்வளவாகக் கடிக்காது, இறங்கும்போதுதான் கடிக்கும். தண்ணீர் இறங்கின மறுநாள் டங்கேஸ்வரின் முற்றத்தில், வேலியிலிருந்து அடுப்படிக்கு நேராக, தரையில் ஒரு விரிசல் தெரிந்தது. ஒரு கை உள்ளே போகிற விரிசல். இதற்கு அர்த்தம் என்னவென்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"வெயில்ல வெடிச்சிருக்கு," என்றார் டங்கேஸ்வர்.

அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

வெள்ளத்தில் நிறுத்திய படகு மறுபடி ஓட நாலு நாளாயிற்று. செய்தி கேட்டிருந்த ஜுனாலி அக்கா முதல் படகிலேயே வந்துவிட்டாள். அவள்தான் அந்த ஒரே மகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜோர்ஹாட்டில், கணவனோடு ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். வந்தவள் துணிமூட்டையைக்கூட இறக்கி வைக்காமல் ஆரம்பித்தாள்.

"அப்பா, கெளம்புங்க. உங்களுக்குத் தனி ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன்."

"ஏணி இருக்கா?"

"லிஃப்ட் இருக்குப்பா."

"பன்னிய எங்க கட்டுவ?"

"பன்னி எதுக்குப்பா அங்க?"

"வீடுன்னா அடியில பன்னி இருக்கணும். உன் வீட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

"ரெண்டாவது மாடியில ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார்."

டங்கேஸ்வர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "அவரக் கட்டிப் போட முடியாது. நான் வரல."

அன்று மாலை என் மாமாவும் இன்னும் சில பெரியவர்களும் போனார்கள். நுமலும் போனார். அத்தனை பேர் முன்னாலும் டங்கேஸ்வர் முன்தளத்தில் நின்று சொன்னார்: "இந்த வீட்டுல பொறந்தேன். உசிரு இருக்கற வரைக்கும் இந்த வீட்ட விட்டு எறங்க மாட்டேன். ஆத்துக்கு நான் வேணும்னா ஆறு ஏறி வரட்டும்."

நுமல்தான் தொண்டையைச் செருமினார்.

"டங்கா, என் எடத்துல பாதி சும்மாத்தான் கெடக்கு. வந்து வச்சுக்கோ. சும்மா வேணாம்னா அந்தப் பாக்கு மரத்து ஆறு முழத்த எனக்குன்னு ஒத்துக்க. இதுக்கு அது சரியாப் போயிடும்."

டங்கேஸ்வர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குத் தண்ணியில போகப் போற நெலத்துக்கு இன்னைக்கு நல்ல நெலத்தக் குடுக்குறியா? உன்ன எந்த டாக்டர் பாக்குறார்? கேட்டுக்க. ஆறு முழமும் தர மாட்டேன், உன் மண்ணுல என் காலும் படாது."

ஆக, ஒரே மாலையில் இரண்டு சபதம். வீட்டை விட்டு இறங்கமாட்டார். நுமலின் மண்ணில் கால் வைக்கமாட்டார். இருட்டுவதற்குள் ஊர் முழுக்க இரண்டும் மனப்பாடம்.

மாமா திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றார்.

"காலேஜு," என்றார். அவருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. "எறங்க மாட்டேன்னுதான சொன்னான்?"

"ஆமா மாமா."

"சரி. எறங்க வேணாம்."

அன்று இரவே ரிக்போ அறிவித்துவிட்டார். ரிக்போ என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து உழைக்கவேண்டும். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் ஆபோங்கும் பன்றிக்கறியும் உண்டு. ஆபோங் நாங்கள் அரிசியில் ஊறவைக்கிற சாராயம். வேலை முடிந்ததும் என்பதைக் கவனிக்கவேண்டும். எங்கள் முன்னோர்கள் ரொம்ப யோசித்து வைத்த விதி அது.

விடிந்ததும் ஊரே திரண்டுவிட்டது. வீட்டின் கால்களைச் சுற்றித் தோண்டினோம். தரைத்தளத்துக்கு அடியில் நீள நீளமாக மூங்கில்களைக் கொடுத்துக் கட்டினோம். டங்கேஸ்வர் உள்ளே அடுப்பருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அடுப்ப அணைச்சுடுங்க. தூக்கப் போறோம்," என்றேன்.

"நீங்க தூக்குறது உங்க வேலை. டீ போடுறது என் வேலை. நான் எங்கயும் போகல."

"வீடு போகுதே பெரியப்பா."

"அது வீட்டோட இஷ்டம்."

தூக்கினோம். நுமல் சொன்னதுபோல அவர் வீட்டுக்கு முடி வெட்டி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பழைய நீளத்தில் இருந்திருந்தால் மாவட்டமே வந்தாலும் அசைந்திருக்காது. நான் பின்பக்க இடது மூலை. அந்த மூலையில்தான் அவர் அரிசிப் பானையை வைத்திருந்தார் என்பது தூக்கின பிறகு தெரிந்தது.

வீடு கிளம்பியது. கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன.

"எடது பக்கம் தாழுது. தண்ணி சாயுது."

"யாரு அது முன்னால? அது பாதையா, அது புளிச்சக்கீரைப் பாத்தி. மிதிக்காத."

"காலேஜு, நீ தூக்குறியா, தொங்குறியா?"

பன்றியை ஓட்டிக்கொண்டு வர ஒரு ஆளை வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டின் நிழலிலேயே வளர்ந்த பன்றி அது. வீடு நகர்ந்ததும் அதுவும் நகர்ந்தது. மழைத்தூறலில் நனையாமல், வீட்டுக்குச் சரியாக நடுவில், எங்கள் அறுபது கால்களுக்கு இடையே நடந்து வந்தது. நாங்கள் நின்றால் நின்றது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வெளியே விட்டார். டங்கேஸ்வர் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்து, பெரிய மனிதர்கள் காரிலிருந்து செய்வதுபோல, கையைக் கொஞ்சமாக அசைத்தார். ஜுனாலி அக்கா பின்னால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அரிசிப் பானை.

திட்டம் என்னவென்றால் வீட்டைக் கரைமேட்டில் கொண்டுபோய் வைப்பது. நிலம் போனவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்; மேட்டில் வரிசையாக, லாரி போனால் கூரை ஆடும். நல்ல இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வேறு இடம் இல்லை. வழியில் ஒரே ஒரு தடவை இறக்கி மூச்சு வாங்கலாம் என்று மாமா சொல்லியிருந்தார். ஒரு வீட்டை இறக்கி வைக்கிற அளவுக்கு வெட்டவெளி வழியில் ஒரே இடத்தில்தான் இருந்தது. நுமல் டோலேயின் முற்றம்.

நுமல் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் பெரிய பானைகள். பக்கத்தில் மூங்கில் குவளைகள். பக்கத்தில் வாழையிலையில் சுட்ட கறி.

மாமா முகம் மாறிற்று. "நுமல் அண்ணே, வேலை முடியாம யாரும் ஆபோங் தொடக் கூடாது. தெரியுமில்ல?"

"இது ஆபோங்குன்னு யாரு சொன்னா? பசங்களுக்குத் தாகம். தொண்ட நனைக்கக் கஞ்சித் தண்ணி."

"வாசனை அப்படி வரல."

"கொஞ்சம் பழைய கஞ்சி."

வீட்டைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தவர்களிடம் நியாயத்தைப் பற்றிப் பேசுவது கஷ்டம். ஒரு குவளை என்று ஆரம்பித்தது. நன்றாக ஊறிய கஞ்சி. ஒரு குவளை என்பது எங்கள் ஊரில் எண்ணிக்கை கிடையாது, தொடக்கம்.

பிறகு மறுபடி தூக்கப் போனோம். முதல் தடவை முன்னால் இருந்தவர்கள் தூக்கினார்கள், பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டாம் தடவை எல்லோரும் தூக்கினோம். ஆனால் முன்வரிசை கரைமேட்டைப் பார்த்து நடந்தது, பின்வரிசை பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தது. வீடு யாருக்கும் கட்டுப்படாமல் நின்ற இடத்திலேயே அரைவட்டம் திரும்பி, ஒரு பெருமூச்சு விட்டு, உட்கார்ந்துவிட்டது. வாசல் நேராக நுமலின் வாசலைப் பார்த்தது. பன்றி கீழே படுத்துக்கொண்டது. பன்றி படுத்ததைப் பார்த்ததும் எங்களுக்கும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

ஜன்னலில் டங்கேஸ்வரின் தலை வந்தது. "ஏன் நிக்குறீங்க? கரைமேடு வந்துடுச்சா?"

எல்லோரும் குனிந்து பன்றியைப் பார்த்தோம்.

"இது யாரு எடம்?"

"என் எடந்தான் டங்கா," என்றார் நுமல். "எறங்கி வா. கஞ்சி மிச்சம் இருக்கு."

ஜுனாலி அக்கா அப்போதுதான் ஏணியை வாசலில் சாய்த்துவைத்திருந்தாள். டங்கேஸ்வர் வந்தார், ஏணியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டார், உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தூக்கலாம் என்று மாமா சொன்னார். மறுநாள் பாதிப் பேருக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் மீதிப் பேருக்கு வயலில் வேலை. வீடு நுமலின் முற்றத்திலேயே நின்றது. நிற்கட்டும் என்று நாங்கள் கால்களை ஆழப் புதைத்து மண்ணைக் கெட்டிப்படுத்தினோம், காற்றில் சாய்ந்துவிடக்கூடாதல்லவா. அந்த அளவு கஞ்சி ஒரே இரவில் ஊறாது, நாலைந்து நாளாவது பிடிக்கும் என்பதும், ரிக்போ அறிவித்ததே முந்தின இரவுதான் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. விரிசலைப் பார்த்த அன்றைக்கே ஒரு ஆள் அரிசியை ஊறப் போட்டிருக்கவேண்டும். நான் நுமலைப் பார்த்தேன். அவர் தன் வீட்டு முன்தளத்தில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார், ரொம்ப அப்பாவியாக.

டங்கேஸ்வர் இறங்கவில்லை. இரண்டு சபதமும் அப்படியே நின்றன. பிறந்த வீட்டை விட்டு இறங்கவில்லை. நுமலின் மண்ணில் கால் படவில்லை. ஜுனாலி அக்கா சோறும் தண்ணீரும் மேலே கொடுத்தாள். காலைக்கடன் மாதிரி மற்ற விஷயங்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு அடியில் பன்றி இருந்தது.

இரண்டு முன்தளமும் எதிரெதிராக இருந்ததால் இருவரும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டியதாயிற்று.

"டங்கா, ஆறு முழத்துக்கு என்ன சொல்ற?"

"செத்தாலும் தர மாட்டேன்."

"செத்தப்பறம் உன்கிட்ட யாரு கேக்கப் போறா? இப்பவே குடு."

"உன் மூஞ்சியப் பாத்துட்டே டீ குடிச்சா சர்க்கரையே இனிக்க மாட்டேங்குது."

"அந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

"என் வீடு. நான் எந்தப் பக்கம் வேணாலும் பாப்பேன்."

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. கரை விழுகிற சத்தம். தூரத்தில் யாரோ பெரிய கதவைச் சாத்துவது போலிருக்கும். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வேலி ஏற்கெனவே இல்லை. பாக்கு மரங்கள் நின்ற நிலையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கலையாமல் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் முற்றம், வீட்டுக்கால்கள் இருந்த குழிகள், அடுப்புச் சாம்பல் கொட்டுகிற மூலை. கடைசி மரம் போகும்போது அதில் இன்னும் பழுத்த குலை இருந்தது.

திரும்பி வந்தபோது இரண்டு கிழவர்களும் அவரவர் முன்தளத்தில் நின்றிருந்தார்கள்.

"காலேஜு," என்றார் டங்கேஸ்வர். "பாக்கு மரமெல்லாம்?"

"போச்சு பெரியப்பா."

"வேலி?"

"அதுவும்."

அவர் கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கமாகவே பார்த்தார். அங்கிருந்து ஆறு தெரியாது, வாழைகள்தான் தெரியும். பிறகு அடுப்பருகே போய் டீத்தண்ணீர் வைத்தார். இரண்டு குவளை ஊற்றினார். ஒன்றை நுமலிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். நுமல் சர்க்கரை போதாது என்று மட்டும்தான் சொன்னார்.

"ஆறு உங்களப் பாத்துப் பயப்படும்னு சொன்னீங்களே பெரியப்பா," என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"நான் அங்க இருந்தாத்தான பயப்படும்? நீங்க தூக்கிட்டு வந்துட்டீங்க," என்றார்.

இதற்கு எந்தக் கல்லூரியிலும் பதில் சொல்லித்தர மாட்டார்கள்.

பிறகு இரண்டாவது வெள்ளம் வந்தது. இது வழக்கமான வெள்ளம், விருந்தாளி மாதிரி வந்து எல்லா முற்றத்திலும் உட்காருகிற வெள்ளம். நுமலின் முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர். பன்றியை மேலே ஏற்றினோம். முன்தளத்தில் டங்கேஸ்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதுவும் நுமலைப் பார்த்தது. எங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் ஏணியடியில் படகு கட்டிவிடுவோம். ஜுனாலி அக்கா அப்பாவின் வாசலிலும் ஒரு சின்னப் படகைக் கட்டினாள்.

வெள்ளம் ஓடாமல் குளம்போல நிற்க ஆரம்பித்ததும் அவள் ஊருக்குக் கிளம்பினாள். இந்த முறை ஆற்றின் வேகமெல்லாம் எதிர்க்கரைக்குத் திரும்பிவிட்டிருந்தது. அவளைப் படகுத்துறையில் கொண்டுபோய் விட நான் துடுப்புப் போட்டேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். கிளம்பும்போது அவள் அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வாசலில் நின்று கூப்பிட்டாள். பதில் இல்லை. பன்றி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ஏணி கீழே இறக்கியிருந்தது. கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது. படகைக் காணவில்லை.

ஜுனாலி அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குமே. நான் ஏணியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏணியிலிருந்து நேராகப் படகு. நடுவில் நுமலின் மண் எங்கேயும் இல்லை. இரண்டு முழம் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

"அக்கா, சபதம் தப்பல," என்றேன்.

"வாய மூடிட்டுத் துடுப்பப் போடு."

வாழைத் தோப்பைத் தாண்டி, பழைய கரையைத் தாண்டிப் போனோம். தூரத்தில் நுமலின் மூங்கில் தெரிந்தது. அதில் நுமலின் படகு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, புதிதாக நட்ட இன்னொரு மூங்கில். அதில் இன்னொரு படகு. அதில் முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு ஒரு ஆள், தலையில் துண்டு, கையில் தூண்டில்.

அக்கா கூப்பிட வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தண்ணீரில் பேச்சு நன்றாகக் கேட்கும்.

"உன் தூண்டி என் பக்கம் விழுது," என்றது நுமலின் குரல்.

"கண்ணாடி போட்டுப் பாரு. அந்த இலவ மரத்தையும் பள்ளிக்கூடத்துத் தகரத்தையும் நேராக் கோடு போடு. அதுதான் பாக்கு வரிசை. நான் அதுக்கு இந்தப் பக்கம்."

"அப்ப நீ உக்காந்திருக்கறது அந்த ஆறு முழத்துல."

"ஆமா. என் ஆறு முழத்துல."

"எப்ப குடுக்கப் போற?"

"அவசரப்படாத. விக்கிற பொருள ஒரு தடவ நல்லாப் பாக்காம விக்க முடியுமா? ஆழம் பாக்கத்தான் வந்தேன்."

"ஆழம் பாக்க மண்புழு எதுக்கு?"

டங்கேஸ்வர் தூண்டிலை எடுத்து மறுபடி போட்டார். பிறகு அவர் குரல், ரொம்பச் சாதாரணமாக: "உன் முற்றத்துல அந்த வீட்டச் சுத்தி எவ்வளவு எடம் விடுவ?"

"வேலி எங்க போடணும்னு நீயே சொல்லு."

"நான் சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

"ஒத்துக்க மாட்டேன்தான். சொல்லு."

அப்போதுதான் எங்கள் துடுப்புச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூண்டிலை மறைக்க இடம் தேடினார். படகில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை.

"என்னப்பா இங்க?" என்றாள் ஜுனாலி அக்கா.

"ஒண்ணுமில்ல." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்தேன்."

நான் என்னவோ கேட்கப் போனேன். எந்த ரூம் என்று கேட்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் துடுப்பைப் போட்டேன்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தூண்டிலை எடுத்து, நுமலின் பக்கம் விழாதபடி கையைச் சற்றே திருப்பி, அடுப்படி இருந்த இடத்தில் மெதுவாக இறக்கினார்.